மன்னிப்புக் கேட்டாயிற்று, மனக்காயத்தை யார் பார்ப்பது?

கொவிட்-19 காலத்துக் கட்டாய தகனத்தினால் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம் ஜனாஸாக்கள் 276 என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. விசாரணை, நஷ்டஈடு என்று நாமும் நிறையப் பேசினோம். அந்தக் குடும்பங்களின் உளநிலை பற்றித்தான் பேச்சே எழவில்லை.

நமது மார்க்கத்தில் துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, தோளில் சுமந்து போய், கைப்பிடி மண் போடும்போது ‘போய்விட்டார்’ என்பதை மனம் மெதுவாக ஏற்றுக்கொள்கிறது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தொடக்கம் 2021 பெப்ரவரி இறுதி வரை இந்தப் படிகள் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்த வேளையில்தான் இது நடந்தது. வாப்பா எரிக்கப்படும்போது பிள்ளைகள் தனிமைப்படுத்தல் நிலையத்தில் இருந்தார்கள். 2020 டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான சிசுவும் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். அது எதிர்ப்பு மட்டுமல்ல, அழ இடமில்லாத ஒரு சமூகம் தேடிக்கொண்ட இடமும்கூட.

எரிப்பு நின்ற பிறகும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. 2021 மார்ச் முதல் ஜனாஸாக்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள், பிற மதத்தவர் சிலரும் உட்பட. அடக்கத்தின்போது நிற்க முடிந்தவர்கள் மிகச் சொற்பம். கொழும்பிலோ காலியிலோ இருக்கும் ஒரு வயோதிபத் தாய் ஸியாரத்துக்கு எத்தனை தடவை அங்கே போய்வர முடியும்?

இன்னொரு தரப்பையும் நாம் மறந்துவிட்டோம். ‘எரிக்கத்தான் போகிறார்கள்’ என்ற செய்தியைக் குடும்பத்தாரிடம் சொல்லும் பொறுப்பு வைத்தியர்கள், தாதியர்கள், சிற்றூழியர்களின் தலையில்தான் விழுந்தது. சட்டத்தை அவர்கள் இயற்றவில்லை, ஏச்சு மட்டும் அவர்களுக்கு வந்தது. அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். பாதுகாப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போகவும் பயந்து வேலை செய்தவர்களுக்கு இப்படியான செய்தியை எப்படிச் சொல்வது என்று யார் பயிற்சி கொடுத்தார்கள்? நோயாளிகளின் கதை இன்னும் மோசம். செத்தால் எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வைத்தியசாலைக்கே போகாமல் வீட்டில் கிடந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். உளப்பயம் உயிராபத்தாக மாறியது அங்கேதான்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கம் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநல வைத்திய அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் நமது வீடுகளில் ‘மனநலம்’ என்றாலே ‘பைத்தியமா?’ என்றுதான் கேட்பார்கள். ‘ஸபூர் செய்யுங்கள்’ என்று சொல்லி வாயை அடைத்துவிடுவதும் நம் பழக்கம். ஸபூர் என்பது அழக்கூடாது என்பதல்ல. மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்களும் கலங்கின.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஜம்இய்யத்துல் உலமாவின் கிளைகளும் தத்தமது மஹல்லாவில் இப்படி இழந்த வீடுகளைத் தேடிப் போகவேண்டும். இத்தாவைத் தனிமையிலேயே கழித்த பெண்களிடம் பெண் உளவளத்துணையாளர்களை அனுப்பவேண்டும். கதீப்மார்களுக்கு இரண்டு நாள் உளவளத்துணைப் பயிற்சி கொடுக்கப் பெரிய செலவாகாது. சுகாதார அமைச்சிடமும் ஒன்றைக் கேட்கவேண்டும்: அடுத்த தொற்று வரும்போது, மரணச் செய்தி சொல்லும் வார்டில் குடும்பத்தின் மொழி தெரிந்த, மார்க்கம் தெரிந்த ஒருவர் நிற்கவேண்டும் என்பதை இப்போதே எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள்.