பிள்ளையை யார் வீட்டில் விடுவது?

எம் கல்லூரியிற் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் சென்ற தவணையில் என்னிடம் வந்து, "அக்கா, 84 நாள் லீவும் முடியப்போகுது. பிள்ளையை எங்கே விடுறது?" என்று கண்கலங்கினார். அவருடைய தாயார் ரொறன்ரோவில் மூத்த மகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மாமியாரோ நோயாளி. ஒரே வளவில் அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் வாழ்ந்த காலத்தில் இக்கேள்வி எழுந்ததேயில்லை. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த புலம்பெயர்வும் அவ்வளவுகளை வெறுமையாக்கிவிட்டன.

அயலவர் சொல்லிய இரண்டு வீடுகளைப் பார்க்க இருவருமாகப் புறப்பட்டோம். முதல் வீடு பளிங்குபோல் துலங்கிற்று. விளையாட்டுப் பொருள்கள் நிறைந்திருந்தன. வீட்டுக்கார அம்மையாரின் பேச்சும் இனித்தது. ஆசிரியைக்கு மனம் நிறைந்துவிட்டது. நான்தான், "இன்னொரு நாள் சொல்லாமல் வந்து பார்ப்போம்" என்றேன். மறுவாரம் முற்பகல் 11 மணிக்குச் சென்றபோது அம்மையார் சந்தைக்குப் போயிருந்தார். பதினொரு குழந்தைகளைப் பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி தொலைக்காட்சியின் முன் இருத்திவைத்திருந்தாள். அவளும் பள்ளியில் இருக்கவேண்டிய பிள்ளையல்லவா?

நம்மவர் பலர் வாழும் ஜேர்மனியில், பிறர் பிள்ளைகளைத் தம் இல்லத்திற் பராமரிப்போர் அரசின் அனுமதி பெறுதல் வேண்டும். ஒரே வேளையில் 5 பிள்ளைகளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. அவ்வனுமதியும் 5 ஆண்டுகளுக்கே செல்லும். நம்மூரிலோ பெரும்பாலும் அயலாரின் நல்வார்த்தையே அத்தாட்சி.

இரண்டாவது வீடு ஓர் ஆச்சியினுடையது. மூன்றே பிள்ளைகள். ஆச்சி பணத்தைப் பற்றி வாய் திறக்குமுன், "பிள்ளை எப்படி நித்திரை கொள்ளும்? என்னத்துக்கு அழும்?" என்று கேட்டார். தடுப்பூசிப் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தார். எனக்கு அக்கணமே பிடித்துவிட்டது. ஆயினும் வளவைச் சுற்றிவந்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. கிணற்றுக்கட்டு என் முழங்காலளவே உயரம்! வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் வீட்டுக்கு வீடு கிணறு; தவழும் பிள்ளைக்கு அதுவே முதல் எமன். வேலியோரம் மஞ்சள் அலரி காய்த்துக் கிடந்தது. அதன் விதை இருதயத் துடிப்பையே குலைக்கவல்லது.

இதனைச் சொன்னதும் ஆச்சியின் முகம் கறுத்தது. "என்ர நாலு பிள்ளையளும் இந்தக் கிணற்றடியிலதான் வளர்ந்ததுகள்" என்றார். ஆசிரியை பதில் பேசாமல் நின்றார். மரியாதைக்கு அஞ்சி இவ்விடத்தில் வாய்மூடும் தாய்மாரே நம்மிடையே அதிகம். நான் விடவில்லை. பிள்ளையைக் குப்புறக் கிடத்தாமல் மல்லாத்தியே உறங்கவைக்க வேண்டுமென்பதையும் சேர்த்துச் சொன்னேன். குப்புறப் படுத்த சிசுக்களுக்கு உறக்கத்தில் திடீர் மரணம் நேரும் அபாயம் மிகுதி என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. ஆச்சி நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "அப்ப கிணத்துக்கு மூடி போட ஆளை அனுப்பு, பிள்ளை" என்றார்.

ஆசிரியையின் கணவர் அவ்வார இறுதியிலேயே இரும்புச் சட்டத்தில் வலையடித்துக் கிணற்றை மூடினார். அலரியை ஆச்சி தாமே ஆள்பிடித்துத் தறிப்பித்தார். வேலைக்குத் திரும்பிய முதல்நாள் இரண்டாம் பாடம் முடிந்ததும் ஆசிரியை தொலைபேசியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு ஓடினார். திரும்பி வந்தவரிடம், "என்னவாம்?" என்றேன்.

"நித்திரையாம் அக்கா. மல்லாத்தித்தான் கிடத்தியிருக்கிறாவாம், நான் கேட்க முந்தியே சொல்லிப்போட்டா."