‘உன்னால் முடியும்’ என்பாரை நோக்கி

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் ‘தன்முனைப்பு’ என்னும் சொல்லைக் கேளாத மாணவர் இரார். தன்முனைப்பு முகாம், தன்முனைப்பு உரை, தன்முனைப்புப் பேச்சாளர், தன்முனைப்பு நூல் என அச்சொல் நாள்தோறும் நம் செவிகளில் விழுகின்றது. தமிழ்நாட்டிலிருந்து வரும் அறிஞர் எவரேனும் இதனைக் கேட்பின் சற்றே திகைப்பர். அங்கே தன்முனைப்பு என்றால் செருக்கு. ‘நான்’ என்னும் அகந்தை. நாமோ அதனை ஊக்கம் என்னும் பொருளில் வழங்கி வருகிறோம். ஒரு சொல் இடத்திற்கிடம் பொருள் மாறுதல் மொழிக்கு இயல்பே. அதனைக் குற்றமெனக் கொள்வாரல்லேன். ஆயினும், நம் சிறார்க்கு இன்று ஊட்டப்படுவது இவ்விரு பொருள்களுள் எது என்று கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நான் கேட்பது கோலா தெர்லாவிலிருந்து. கேமரன் மலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே கிடக்கும் சிற்றூர் அது. பள்ளத்தாக்கு நெடுகிலும் நெகிழிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்கள். அப்பாலுள்ள குன்றுகளில் தேயிலை. 1929இல் போ தேயிலை நிறுவனம் இம்மலைக்கு வந்த காலந்தொட்டுப் பல்லாண்டுகள் இங்கே கொழுந்து கிள்ளிய கைகள் தமிழ்க் கைகளே. இன்று அக்கொழுந்தைப் பறிப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாட்டினர். தமிழர் லயங்களை விட்டிறங்கி, லாரி ஓட்டவும், காய்கறி பயிரிடவும், சிறுகடை வைக்கவும், கீழே நகரங்களுக்குப் பெயரவும் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. ஆதலின் ‘முன்னேற்றம்’ என்னும் சொல் இங்கே வெறும் மேடைச்சொல் அன்று. எந்தப் பிள்ளை மலையில் தங்கும், எது இறங்கிச் செல்லும், எது இரண்டுங்கெட்டு நிற்கும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி.

இத்தகைய ஊரில் அந்த முகாம்கள் என்ன செய்கின்றன என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் நடத்திய அரைநாள் முகாமுக்குப் பின்னர், ‘வாழ்வில் உயர்வது எப்படி?’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு மாணவர்களைப் பணித்தேன். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் இவ்வாறு எழுதியிருந்தான்: ‘என் அப்பா ஏழையாக இருப்பதற்குக் காரணம், அவர் பெரிதாக எண்ணாததே. நான் அவரைப் போல் இருக்கமாட்டேன்.’ அத்தந்தை வைகறை நான்கு மணிக்கு எழுந்து, மலைக்குளிரில் முட்டைக்கோசுக் கூடைகளை லாரியில் ஏற்றுபவர். கட்டுரையில் சொற்பிழை இல்லை. சந்திப்பிழை கூட இல்லை. முகாமில் சொல்லப்பட்டதைச் செவ்வனே உள்வாங்கிய பிள்ளையின் கட்டுரை அது.

இக்கருத்து அப்பேச்சாளரின் சொந்தச் சரக்கும் அன்று. 2006இல் ரோண்டா பர்ன் என்னும் அம்மையார் வெளியிட்டு, உலக மொழிகள் பலவற்றிலும் தமிழிலும் பெயர்க்கப்பட்ட ‘இரகசியம்’ என்னும் நூலின் சாரமே அது. நாம் எண்ணுவதை நம் எண்ணமே நம்பால் ஈர்த்துக் கொணரும் என்பது அந்நூலின் கொள்கை. செல்வத்தை எண்ணுவார்க்குச் செல்வம் வரும் என்று கேட்கையில் இனிக்கத்தான் செய்கின்றது. அதன் மறுபுறத்தை எத்துணைப் பேர் புரட்டிப் பார்த்தனர்? எண்ணியதால் செல்வம் வரும் என்றால், வறுமையும் எண்ணியதால்தானே வந்திருக்க வேண்டும்? வறியவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, அவனிடமே வழக்குச் செலவையும் வாங்கிக்கொள்ளும் வாதம் இது. அந்த ஆறாம் ஆண்டு மாணவன் அளவை நூல் கற்றவனல்லன். ஆனால் பெரியோர் சொல்லாமல் விட்ட முடிவுக்கு அவன் பிழையின்றி வந்து சேர்ந்தான்.

தன்முன்னேற்ற நூல் என்னும் இலக்கிய வகை இவ்வாறா பிறந்தது? சாமுவேல் சுமைல்சு 1859இல் வெளியிட்ட ‘தன்னுதவி’ என்னும் ஆங்கில நூலே இவ்வகைக்குப் பெயர் தந்தது. அந்நூல் பிறந்த கதையை அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தின் லீட்சு நகரில் எளிய தொழிலாளர் இளைஞர் இரண்டு மூவர் குளிர்கால மாலைகளில் கூடி, தமக்குத் தெரிந்ததைப் பிறர்க்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினர். எழுத்தும் கணக்கும் நிலவியலும் ஒருவருக்கொருவர் கற்பித்தனர். கூட்டம் பெருகவே, முன்னர் வாந்திபேதி நோயாளர்களைக் கிடத்தியிருந்த ஒரு பெரிய அறையை வாடகைக்கு எடுத்தனர். அவ்வறையை வேறெவரும் எடுக்க அஞ்சினர் போலும். அவர்கள் அழைத்தே சுமைல்சு அங்கே சென்று பேசினார். அப்பேச்சுகளே பின்னர் நூலாயின. ‘தன்னுதவி’ என்று பெயர் பெற்ற நூல் பிறருதவியின் மடியில் பிறந்தது! நூல் உலகெங்கும் பரவியது. அந்த அறையும் அந்த இளைஞர் கூட்டமும் மறக்கப்பட்டன. இன்று நாம் பிள்ளைகளுக்கு நூலைத் தருகிறோம், அறையைத் தருவதில்லை.

தமிழில் இவ்வகை நூலுக்கு வித்திட்டோருள் முதன்மையானவர் யாரென்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் அறியார். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனார்தாம் அவர். சேம்சு ஆலன் 1903இல் எழுதிய சிறு நூலை ‘மனம்போல வாழ்வு’ எனவும், அவருடைய மற்றொரு நூலை ‘அகமே புறம்’ எனவும் தமிழாக்கித் தந்தவர் அவர். சேம்சு ஆலனும் மாளிகையில் பிறந்தவரல்லர்; பதினைந்து வயதில் தந்தையை இழந்து வேலைக்குச் சென்றவர்.

சிதம்பரனாரின் கையில் இந்நூல்கள் எப்பொழுது வந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, ஆங்கிலேயக் கப்பல் கம்பெனிக்கு எதிராகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் ஓய்வும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் பக்கம் நின்றவர். அவ்வாண்டிலேயே கொடுந்தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தவர். அவர் சிறையில் இருந்த காலத்திலேயே அவருடைய கப்பல் நிறுவனம் கலைந்து போயிற்று. அத்தகையவர் ‘மனம்போல வாழ்வு’ என்று எழுதினார் எனின், தம் செக்கும் சிறையும் தம் தீய எண்ணத்தால் வந்தவை என்று கருதியா எழுதினார்? கோரல் ஆலைத் தொழிலாளரிடம் ‘உங்கள் கூலி குறைவாக இருப்பதற்கு உங்கள் எண்ணமே காரணம், வீட்டுக்குச் சென்று கண்மூடி நினையுங்கள்’ என்றா சொன்னார்? கூலி உயர்வு கேட்கச் சொன்னார். ஒன்றாய் நிற்கச் சொன்னார். தொழிலாளர் வென்றனர். உடல் செக்கில் பூட்டப்பட்டிருக்கையில் உள்ளம் முறியாதிருக்க ஒரு நூல் துணை செய்தால் அது மாபெரும் துணை. அத்துணையைப் பெற்றவர், செக்கைப் பூட்டியவன் யார் என்பதை ஒருபொழுதும் மறந்தாரல்லர். விடுதலைக்குப் பின் வறுமையில் உழன்ற நாள்களிலும் அவர் தொல்காப்பியப் பதிப்பும் திருக்குறள் உரையும் செய்தார். தன்முன்னேற்ற நூலை எவ்வாறு படிப்பது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் நம் மொழியில் இல்லை. நம் பள்ளிகளிலோ கப்பலோட்டிய தமிழர் வரலாற்றுப் பாடத்தில் தனியே நிற்கிறார். ‘மனம்போல வாழ்வு’ முகாமில் தனியே விற்கப்படுகின்றது.

பின்வந்தோரையும் நோக்குக. அப்துற் றஹீம் ‘வாழ்க்கையில் வெற்றி’ எழுதினார். எம். எஸ். உதயமூர்த்தி ‘எண்ணங்கள்’ எழுதி எண்ணற்ற இளைஞரை நிமிர்த்தினார். ‘உன்னால் முடியும் தம்பி’ என்னும் அவர்தம் தொடர் 1988இல் திரைப்படத் தலைப்பாகவும் ஆயிற்று. அந்த உதயமூர்த்தியும் எழுதியதோடு அமையவில்லை. அமெரிக்காவில் தொழில்நடத்திப் பொருளீட்டியவர், தாயகம் திரும்பி மக்கள் சக்தி இயக்கம் கண்டார். ‘உன்னால் முடியும்’ என்று தொடங்கியவரே ‘நம்மால் முடியும்’ என்னும் இடத்திற்கு நடந்து சென்றார் என்பதே என் துணிபு. நம் பேச்சாளர்கள் அவர் விட்டுச்சென்ற முதற்படியிலேயே நின்றுகொண்டு ஒலிபெருக்கியை உயர்த்துகின்றனர்.

தமிழாசிரியர் சிலர் இவ்விடத்தில் வள்ளுவரைத் துணைக்கழைப்பர். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்த பெருமான் அவரல்லரோ என்பர். ஆம், அமைத்தார். அவை பொருட்பாலில் அரசியலின் இறுதியில் நிற்கின்றன. படையும் குடியும் கூழும் உடைய அரசனுக்கு முதலில் சொல்லப்பட்ட ஊக்கத்தைச் சோற்றுக்கு முட்டுப்படும் சிறுவனுக்கு மட்டும் சொல்லிவிட்டு, ஆளும் பொறுப்பில் உள்ளோரை அமைதியாய் விட்டுவிடுவது எவ்வகை நியாயம்? மேலும், அதே வள்ளுவர் நல்குரவு என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் வறியவன் தவறாக எண்ணியதால் வறியவனானான் என்று ஒரு குறளும் இல்லை. நல்லதை ஆராய்ந்து சொன்னாலும் வறியவன் சொல் அவையேறாது என்னும் உலகின் கொடுமையையே அவர் எடுத்துக் காட்டுகிறார்.

‘நிலமென்னும் நல்லாள் சோம்பியிருப்பாரைக் கண்டு நகுவாள் என்றாரே!’ எனச் சிலர் மடக்கக்கூடும். நல்ல மடக்குத்தான். ஆயினும் ஐயா, அக்குறளில் நகுவது நிலம். நகுவதற்கேனும் முதலில் நிலம் வேண்டுமே! இம்மலையில் பயிர்நிலங்கள் நெடுங்காலம் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும் தற்காலிக உரிமத்தின் பேரிலேயே நடந்து வந்தன. அவ்வுரிமமும் கிடைக்கப் பெறாதோர் பலர். 2019இல் கோலா தெர்லாவைச் சார்ந்த ஈச்சாட் ஆற்றுப் பகுதியில் காய்கறித் தோட்டங்கள் அரசால் அகற்றப்பட்டன. அரசு நிலத்தில் உரிமமின்றிப் பயிரிட்டனர், குடிநீர் மாசுறுகின்றது என்பது அரசின் வாதம். பல்லாண்டுகளாக உழைத்துப் பண்படுத்திய நிலம் என்பது பயிரிட்டோர் வாதம். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது ஈண்டு என் நோக்கமன்று. அந்நிலத்தில் வேர்வை சிந்தியோரிடம் முயற்சிக்குக் குறைவா இருந்தது? விடியலில் எழும் பழக்கம் இல்லாமற் போயிற்றா? எந்தத் தன்முனைப்பு நூலின் எந்த அதிகாரம் அவர்தம் கையில் ஒரு நிலப்பட்டாவைத் தந்திருக்கும்? அன்று அவர்க்குத் தேவைப்பட்டவை நிலச்சட்டம் படித்த ஒருவர், மனு எழுதத் தெரிந்த ஒருவர், எல்லாரும் சேர்ந்து நிற்கும் ஒரு சங்கம் ஆகியவை. இவையும் கல்வியால் வருவனவே. ஆனால் முகாமில் கற்பிக்கப்படாத கல்வி.

‘அப்படியாயின் பிள்ளைகளுக்கு ஊக்கமே வேண்டாமா? ஏற்கெனவே துவண்டு கிடக்கும் சமுதாயத்தை மேலும் துவளச் செய்கிறீரே’ என்னும் குரல் எழும். மறுப்பவர்களுள் நல்லெண்ணம் உடையோரே மிகுதி. ஆதலின் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன். ஊக்கம் வேண்டும். தன்னைத் தாழ்த்தியே எண்ணிப் பழகிய பிள்ளைக்கு ‘உன்னால் முடியும்’ என்று ஒருவர் சொல்வது மருந்தாகும். நான் அறிந்த மாணவி ஒருத்தி, கையில் கிடைத்த கிழிந்த ‘எண்ணங்கள்’ நூலைப் பன்முறை படித்தே எஸ்.பி.எம். தேர்வுக்குத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அவளுக்கு அந்நூல் செய்த நன்மையை மறுப்பேனாயின் நான் நேர்மையற்றவன். ஆயினும் அவளுடைய தேர்வுக் கட்டணத்தையும் பேருந்துச் செலவையும் அவள் தாயும் அண்டை வீட்டாருமே தந்தனர். வென்றபின் அவள் மேடையேறினால் நூலின் பெயரை மட்டும் சொல்லுமாறு நாம்தாமே பழக்குகிறோம்? அண்டை வீட்டாரை ‘முன்னேறாதவர்’ பட்டியலில் சேர்ப்பதும் நாமே.

நம் முன்னோர் இதனினும் தெளிவாக இருந்தனர். நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், வேலையும் வீடும் ஒருசேர இழந்து நின்ற தொழிலாளரைத் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் துன் வீ. தி. சம்பந்தன் அமைத்தார். பெரட்டுக் களத்தில் வரிசையாய் நின்று பேர் கொடுத்த மக்களே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் செலுத்தித் தோட்டங்களை விலைக்கு வாங்கினர். அவருள் பலர் எந்தத் தன்முன்னேற்ற நூலையும் படித்தவரல்லர். கையெழுத்திடவும் அறியாதார் உண்டு. அந்த வரலாற்றை ஆறாம் ஆண்டு மாணவனுக்கு நாம் ஒருமுறையேனும் சொல்லியிருப்போமாயின், அவன் தன் தந்தையைக் குறித்து அவ்வாறு எழுதியிரான்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களிடம் நான் வேண்டுவது இதுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அடுத்த முகாமுக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் ‘அகமே புறம்’ இருபது படிகளும், சிதம்பரனாரின் வாழ்க்கை வரலாறு இருபது படிகளும் வாங்குங்கள். வாரம் ஒரு மாலை வகுப்பறையைத் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் படித்தபின், ‘இது இந்த மலையில் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, ஏன்?’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நூலாசிரியரை மறுத்துப் பேசும் மாணவனை அமர்த்திவிடாதீர்கள். லாரி ஏற்றும் தந்தையையும் கடை வைத்த தாயையும் அவ்வகுப்புக்கு அழையுங்கள். நிலமனு எப்படி எழுதப்படுகின்றது, சந்தையில் முட்டைக்கோசின் விலையை யார் வைக்கின்றார் என்பனவற்றை அவர்கள் சொல்லட்டும். நேரம் எங்கே என்று இனிக் கேட்பதற்கில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கெனப் பயிற்சித்தாள் நிரப்பிய மாலைகள் யாவும் வெறுமனே கிடக்கின்றன.