அணையை மறித்த படம்

பனிமூட்டம். நடுவே கரும்பாறை, அதைச் சுற்றி நுரைத்தோடும் ஆறு. 1983 மார்ச் தேர்தலுக்கு முன் ஆஸ்திரேலிய நாளிதழ்களில் இந்த வண்ணப்படம் விளம்பரமாக வந்தது. இதை அழிக்கும் கட்சிக்கா உங்கள் வாக்கு என்று கேட்டது.

அணைத் திட்டத்தால் மூழ்கவிருந்த, டாஸ்மேனியாவின் ஃபிராங்ளின் ஆற்றில் பீட்டர் டாம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த படம் அது. அவருடைய வழிகாட்டி ஒலேகாஸ் ட்ருச்சானஸ் வேலை பார்த்ததோ, அணை கட்டும் நீர்மின் ஆணையத்திலேயே! இளஞ்சிவப்பு மணற்கரை கொண்ட பெடர் ஏரியின் படங்களை ஊர் மக்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். ஏரி தப்பவில்லை, 1972-இல் அணை நீரில் மூழ்கியது. அதே ஆண்டு கோர்டன் ஆற்றில் படமெடுக்கப் போனவர் நீரில் சிக்கி இறந்தார். உடலைக் கண்டெடுத்தவர் டாம்ப்ரோவ்ஸ்கிஸ்தான்.

ஃபிராங்ளின் தப்பியது.

படம் மட்டுமா காரணம்? அணைக்கு எதிரான முற்றுகைப் போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் அணையைத் தடுத்த தீர்ப்பு 4-3 என்று மயிரிழையில் வந்தது. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் படத்தில் மனிதச் சுவடே இல்லை. ஆற்றங்கரைக் குட்டிகினா குகையிலோ, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே பழங்குடியினர் கற்கருவிகளோடு வாழ்ந்த தடயங்கள் கிடக்கின்றன.