இம்பாக்ட் ஃபாண்ட்: தலைப்புக்கு மட்டும் போதும்

விண்டோஸ் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் வேர்டைத் திறந்து ஃபாண்ட் பட்டியலைப் பாருங்கள். இம்பாக்ட் என்று ஒரு பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆங்கிலச் சொற்களை டைப் செய்யுங்கள். தடித்த, ஒல்லியான, உயரமான எழுத்துகள் இடைவெளியே இல்லாததுபோல் நெருங்கி நிற்கும். பிறந்த நாள் பேனர், தள்ளுபடி விற்பனை நோட்டீஸ், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அட்டை என எல்லாவற்றிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், இது மட்டமான ஃபாண்ட் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், குறை ஃபாண்டில் இல்லை. அதற்குரிய வேலையை விட்டுவிட்டு வேறு வேலை வாங்குகிறோம் என்பேன்.

இம்பாக்ட் கம்ப்யூட்டருக்காகப் பிறந்தது அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெஃப்ரி லீ என்பவர் வடிவமைத்து, ஷெஃபீல்ட் நகரின் ஸ்டீபன்சன் பிளேக் நிறுவனம் 1965ல் ஈய அச்செழுத்தாக வெளியிட்டது. லீ விளம்பரத் துறையில் இருந்தவர். விளம்பரத் தலைப்பில் என்ன பிரச்சினை? இடம் குறைவு, எழுத்தோ பெரிதாகத் தெரிய வேண்டும். அதற்கான விடைதான் இந்த வடிவம்.

எப்படி என்று பாருங்கள். எழுத்தின் அகலத்தைக் குறைத்தார். கோட்டின் தடிமனைக் குறைக்கவில்லை. ஆங்கிலச் சிறிய எழுத்துகளை உயரமாக்கி, மேலும் கீழும் நீளும் கால்களைக் குட்டையாக்கினார். அதனால் வரிகளையும் நெருக்கி வைக்கலாம். இதற்கு ஒரு விலை உண்டு. எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடம் ஒரு கீற்றாகச் சுருங்கிவிடுகிறது. பெரிய அளவில் அந்தக் கீற்று தெரியும். சிறிய அளவில் அடைந்துபோகும்.

1996ல் மைக்ரோசாஃப்ட் வெப் பக்கங்களுக்காக இலவசமாகத் தந்த ஃபாண்ட்களில் ஏரியல், வெர்டானா ஆகியவற்றோடு இம்பாக்டும் இருந்தது. அந்தத் திட்டம் 2002ல் நிறுத்தப்பட்டாலும் ஃபாண்ட் எங்கும் பரவிவிட்டது. பின்னர் இணையத்தில் படத்தின் மேலும் கீழும் நகைச்சுவை வரி எழுதும் மீம்கள் வந்தபோது இதுவே அவற்றின் அடையாளமானது. வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரம். பின்னால் என்ன படம் இருந்தாலும் படிக்க முடிகிறது. நாலைந்து சொற்கள், பெரிய அளவு. அதாவது, லீ நினைத்த அதே வேலை!

இனி நாம் செய்யும் தவறுகளுக்கு வருவோம். சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பின் லிப்ட் அருகே, அவசரமாக ரத்தம் தேவை என்று ஆங்கிலத்தில் ஒரு ஜெராக்ஸ் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தலைப்பு இம்பாக்டில் பளிச்சென்று இருந்தது. ஆனால் கீழே போன் நம்பரையும் அதே இம்பாக்டில் சிறியதாக அடித்திருந்தார்கள். ஜெராக்ஸில் 6, 8, 9 மூன்றும் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிந்தன. நான் போன் செய்தபோது வேறு யாரோ எடுத்தார். இரண்டாவது முயற்சியில்தான் சரியான நபர் கிடைத்தார். ஆஸ்பத்திரியில் காத்திருப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் சாதாரணம் அல்ல. தலைப்பு நம்மை நிறுத்துவதற்கு, நம்பர் படிப்பதற்கு. நம்பரை ஏரியல் அல்லது வெர்டானாவில் அடியுங்கள்.

அடுத்தது, இம்பாக்டைத் தேர்ந்தெடுத்த பிறகு "பி" பட்டனையும் அழுத்துவது. விண்டோஸில் இம்பாக்டுக்குத் தனி போல்டு கிடையாது. இருக்கும் எழுத்தையே கம்ப்யூட்டர் செயற்கையாகத் தடிமனாக்கும். மிச்சமிருக்கும் வெள்ளைக் கீற்றும் போய்விடும்.

மூன்றாவது, வேறு ஃபாண்டை அமுக்கி இம்பாக்ட்போல ஆக்கப் பார்ப்பது. வேர்டின் ஃபாண்ட் டயலாக் பாக்ஸில் ஸ்கேல் என்பதை 60 சதவீதமாக்கினால் எழுத்து ஒல்லியாகும். ஆனால் செங்குத்துக் கோடுகளும் 60 சதவீதமாக மெலியும். படுக்கைக் கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். எழுத்து நோயாளிபோல் நிற்கும். ஒல்லியாக வரைவது வேறு, ஒல்லியாக அமுக்குவது வேறு.

தமிழில் இது இன்னும் மோசம். இம்பாக்டில் தமிழ் எழுத்துகள் இல்லை. இம்பாக்டைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் டைப் செய்தால் விண்டோஸ் தானாக லதா, நிர்மலா போன்ற வேறு ஃபாண்டில்தான் காட்டும். உடனே பலர் அதை அமுக்குகிறார்கள். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் நசுங்கிவிடுகின்றன. அமுக்கத் தேவையில்லை. அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய இலவச ஃபாண்ட்களில் ஒல்லியான தடித்த வடிவங்களைத் தனியாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

வெப் பக்கம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு போன்களில் இம்பாக்ட் வருவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும் தலைப்பு, பார்ப்பவரின் போனில் சாதாரண எழுத்தாக மாறிவிடும். ஆங்கிலத்துக்கு ஆன்டன் என்ற இலவச ஃபாண்டைப் பக்கத்தோடு இணைத்துவிடுங்கள். அச்சுக்கு அனுப்புவதானால் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள்.

தலைப்பு ஐந்தாறு சொற்களுக்குள் இருந்தால், தயங்காமல் இம்பாக்டைப் பயன்படுத்துங்கள். அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு வரிக்கும் வேறு ஃபாண்டைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்ட் எடுத்ததும் ஒரு ஜெராக்ஸ் போட்டு, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். நம்பர் தெரிந்தால் ஒட்டலாம்.