படகு இழுக்கும் டிராக்டரின் ரிம் துருப்பிடித்தால்: ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா?

கடலுக்குப் போன படகு திரும்பினால் அதை அலைக்கு எட்டாத மேட்டில் ஏற்றி வைக்க வேண்டும். கட்டுமரக் காலத்தில் நாலு பேர் தோள் கொடுத்தால் முடிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. எஞ்சின், வலை, மீன் என்று சேர்ந்தால் ஒரு படகு ஒரு டன்னைத் தாண்டும். அதனால் பழவேற்காடு தொடங்கித் தெற்கே நாகை வரை, மணற்கரையில் படகு ஏற்றும் பல குப்பங்களில் டிராக்டர் வந்துவிட்டது. பெரும்பாலும் வயலில் உழைத்து ஓய்ந்த பழைய வண்டி. சில ஊர்களில் ஊர்ப் பொதுவில் வாங்கியது, சில ஊர்களில் வாடகைக்கு ஓடுவது.

வயலுக்கென்று செய்த அந்த வண்டியில், கடற்கரையில் முதலில் போவது பின்சக்கர ரிம். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். ரிம் ஓட்டை விழுந்து வண்டி நின்றுவிடும். வண்டி நின்றால் படகும் நிற்கும்.

ரிம் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் இந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் குறையும், கோடையில் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் கடலைவிடக் கூடுதலாகவும் ஏறும். உப்பில் உள்ள குளோரைடு, இரும்பின் மேல் பாதுகாப்பாக எந்தப் படலமும் நிற்க விடாது. உப்பு, காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வண்டி நிழலில் சும்மா நின்றாலும் துரு நிற்காது.

படகை இழுக்க டிராக்டரைப் பின்பக்கமாக அலைக்குள் இறக்குகிறார்கள். டயர் ரிம்மோடு பொருந்தும் விளிம்பு வழியே உப்புத் தண்ணீரும் நுண்மணலும் உள்ளே போகும். போனது வெளியே வராது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே ரிம் அரித்துக்கொண்டிருக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. அது செதில் செதிலாக உப்பி ட்யூபைக் கிழிக்கும். ஒரே சக்கரம் மாதத்தில் மூன்று தடவை பஞ்சர் ஆனால், ஆணியைத் தேடுவதை விட்டுவிட்டு ரிம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் டயருக்குள் நிரப்பும் தண்ணீர். சக்கரம் வழுக்காமல் இருக்க, ட்யூபில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் விடுவது வழக்கம். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்க அதில் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். வால்வு கசிந்தால் அது அந்த இடத்து ரிம்மைத் தின்றுவிடும். நம் கரையில் உறைபனியே கிடையாது, உப்பும் தேவையில்லை. "தண்ணிதானே, எதுவா இருந்தா என்ன?" என்று ஏரித் தண்ணீரையோ உப்புக் கிணற்றுத் தண்ணீரையோ விட்டால், காசு செலவில்லாமல் அதே கேட்டைத் தேடிக்கொள்வதாக ஆகும். நல்ல தண்ணீர் போதும்.

எதை ஒட்டலாம், எதை மாற்ற வேண்டும்?

டயரைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் துருதான் மிச்சம். ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

மேல் துரு மட்டும் என்றால் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, காயவைத்து, ஸிங்க் பிரைமரும் பெயின்டும் அடித்தால் போதும். கழுவாமல் அடித்த பெயின்ட் சில மாதத்தில் கொப்பளித்து உரியும். வால்வு ஓட்டையைச் சுற்றி மட்டும் அரித்து, மற்ற இடம் கெட்டியாக இருந்தால், கெட்டதை வெட்டி எடுத்து அதே தடிமன் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். டயர் விளிம்பு உட்காரும் இடம் மெலிந்தாலோ, விரிசல் கண்டாலோ, சுற்றளவில் பல இடத்தில் ஓட்டை விழுந்தாலோ ஒட்டுப் போடுவது வீண்.

மாற்றுவது என்றால் சக்கரம் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. பல டிராக்டர்களில் ரிம் தனி, நடுவில் உள்ள டிஸ்க் தனி; போல்ட்டில்தான் இணைந்திருக்கும். டிஸ்க் நன்றாக இருந்தால் ரிம் மட்டும் போதும். டயரில் 13.6-28 என்று எழுதியிருந்தால் 28 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதோடு ரிம் அகலமும் போல்ட் துளைகளின் இடைவெளியும் பொருந்த வேண்டும். புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் வாங்குபவர்கள், புது பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாமல் உட்பக்கத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

உயிர் போகும் இடம்

துருப்பிடித்த டயர் லேசில் கழலாது. அதனால் டயரோடேயே வெல்டிங் வைக்கும் ஆசை வரும். "காத்தை இறக்கிட்டோம்ல, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஆகும். வெல்டிங் சூட்டில் டயர் ரப்பர் உள்ளுக்குள் கருகி, எரியக்கூடிய வாயுவை விடும். அது உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து தீப்பிடித்தால் டயர் குண்டாக வெடிக்கும். காற்று இறக்கிய டயரும் வெடிக்கும். வேலை முடிந்து கொஞ்ச நேரம் கழித்தும் வெடிக்கும். உலகமெங்கும் பட்டறைகளில் இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். லாரி போன்ற பெரிய வாகனங்களின் விரிசல் விட்ட ரிம்மைப் பற்றவைப்பதையே அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. டயர் முழுதாகக் கழன்ற பிறகுதான் வெல்டிங் என்பதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

திரும்ப மாட்டும்போதும் கவனம் வேண்டும். விளிம்பு உட்காரவில்லை என்று 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று ஏற்றக் கூடாது. காற்றை விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி முயல வேண்டும். ஆள் டயருக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியது

பிரிட்டனில் உயிர்காப்புப் படகுகளைக் கடலில் இறக்குவதற்கென்றே தனி டிராக்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவுவது அங்கே வேலையின் ஒரு பகுதி. நம் குப்பங்களில் குடிக்கும் தண்ணீருக்கே குடம் வரிசை. டிராக்டரைக் கழுவு என்று சொல்வது எளிது; எதைக் கொண்டு கழுவுவது?

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஓட்டுநர்கள் மட்டுமல்ல. மீன் இறங்கு தளம் கட்டும்போது ஏலக்கூடத்தோடு, மழைநீரைச் சேர்த்து வைத்துச் சக்கரம் கழுவ ஒரு தொட்டியும் கட்டலாம். படகு, வலை, எஞ்சின் போல டிராக்டரையும் மீன்பிடிக் கருவியாக மீன்வளத் துறை பார்க்க வேண்டும். துத்தநாக முலாம் பூசிய ரிம்முக்கு உதவி கொடுத்தால் வருஷா வருஷம் ஒட்டுப் போடும் செலவு குறையும்.

ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதை 'பாடு' முறை வைத்துப் பங்கிட்டு வாழ்ந்த ஊர்கள் இவை. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்துக்கு முன் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் வேலையையும் அப்படி ஒரு முறையில் சேர்த்துக்கொள்வது இவர்களுக்குப் பெரிய காரியமில்லை.