தேதியைத் தள்ளினார்கள், தொகையை அல்ல!



2020 மார்ச் 24 இரவை மறந்திருக்க மாட்டீர்கள். வெளியே வராதீர்கள், அடிக்கடி கை கழுவுங்கள் என்றார்கள் ஆட்சியாளர்கள். சரி, இருந்தோம். கை கழுவத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் ஏற மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் ஓட கரண்ட் வேண்டும். கரண்ட் பில் கட்டக் கடை திறக்க வேண்டும். அந்தக் கடையைத்தான் பூட்டச் சொல்லிவிட்டார்களே!

பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் டீக்கடை, மெஸ், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு மாணவர்கள்தான் வியாபாரம். விடுதி காலியானது, கல்லாவும் காலியானது.

அரசு என்ன செய்தது? பில் கட்டும் கடைசித் தேதியைத் தள்ளி வைத்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு ஜூலை வரை தள்ளியது. நல்லதை நல்லது என்றே சொல்வோம். ஆனால் தேதியைத் தள்ளினால் கடன் கரைந்துவிடுமா?

ஊரடங்கில் மீட்டர் பார்க்க ஆள் வரவில்லை. பழைய பில் தொகையையே கட்டுங்கள் என்றார்கள். பிறகு நான்கு மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கெடுத்து, இரண்டாகப் பிரித்து பில் போட்டார்கள். கோடைக்காலம், வீடு நிறைய ஆட்கள், ஃபேன் நிற்கவே இல்லை. அன்றைய கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 490 யூனிட் ஓடினால், நிலைக்கட்டணம் நீங்கலாக 1,070 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 1,796 ரூபாய். இருபது யூனிட்டுக்கு 726 ரூபாய்! ஒரு வியாபாரி இப்படித் தராசு பிடித்தால் சும்மா விடுவீர்களா?

2020 மே மாதம் மின் விநியோக நிறுவனங்களுக்கு 90,000 கோடி ரூபாய் கடன் வசதி அறிவித்தது மத்திய அரசு. பாக்கி வைத்த வாரியத்துக்குக் கை கொடுக்க டெல்லியில் ஆள் உண்டு. பாக்கி வைத்த குடும்பத்துக்கு யார் உண்டு? பக்கத்துக் கேரளத்தில் அந்த ஜூன் மாதமே கூடுதல் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, தவணையில் கட்டவும் வழி செய்தார்கள். இங்கே முடியாதா?

அன்றைய எதிர்க்கட்சியான தி.மு.க. 2020 ஜூலை 21 அன்று வீட்டு வாசல்களில் கறுப்புக்கொடி ஏற்றியது. மாதந்தோறும் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் வாக்குறுதியும் தந்தது. வென்றது. 2022 செப்டம்பரில் வந்தது மாதக் கணக்கல்ல, கட்டண உயர்வு!

இனி நம் பக்கம் திரும்புவோம். கோபப்பட வேண்டாம். ஒரே இணைப்பு வாங்கி, நான்கு போர்ஷனுக்குத் தனித்தனி சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே விலை வைத்து வசூலிக்கும் வீட்டுக்காரர்களில் நம்மவர்கள் இல்லையா? வாரியம் தரும் 100 யூனிட் இலவசம் குடித்தனக்காரர் கைக்குப் போய்ச் சேர்கிறதா? வாரியம் தந்த அவகாசம் வீட்டுக்காரருக்கு. அவர் அந்த அவகாசத்தைக் குடித்தனக்காரருக்குக் கொடுத்தாரா? வாரியம் ஃபியூஸைப் பிடுங்காத காலத்தில் வீட்டுக்காரர் சுவிட்சை இறக்கினால் அது யாருடைய ஹக்?

சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, எழுத்து மூலம் 15 முழு நாட்கள் அவகாசம் தராமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. பில் தொகை தவறென்றால் ஆட்சேபம் தெரிவித்து, கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இவற்றில் குறைந்ததைக் கட்டினால் போதும். தகராறு தீரும் வரை துண்டிக்க முடியாது. கையில் காசில்லாதவனுக்கு இதனால் என்ன பயன்? அதிலும் இது மின்வாரியத்தைத்தான் கட்டுப்படுத்தும், வீட்டுக்காரரை அல்ல.

எனவே கேட்க வேண்டியது இதுதான். கொள்ளைநோய் என்று அரசு அறிவித்த நாள் முதல் எந்த வீட்டிலும் துண்டிப்பு இல்லை, சப்-மீட்டர் குடித்தனங்களுக்கும் இது பொருந்தும், பாக்கியை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம் என்று நிரந்தர விதி வேண்டும். ஒவ்வொரு முறையும் அமைச்சரின் அறிக்கைக்காகக் காத்திருக்க முடியாது. கிளைச் சகோதரர்கள் இந்த மனுவுக்குக் கடை கடையாகக் கையெழுத்து வாங்கும்போது, சப்-மீட்டர் வைத்திருக்கும் நம் வீட்டுக்காரர்களிடம் முதலில் போங்கள்.