ஆறு கொம்பு ரவுட்டரும் கீழ்வீட்டு வடை ஓட்டையும்

வல்லக்கோட்டை முருகனுக்கு மயில் இருக்கு, சரி. வீட்டுக்கு வீடு ரவுட்டருக்கும் எதுக்குய்யா மயில் தோகை?

ஒரகடம், வல்லம் வடகால் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போற பசங்க தங்குற வாடகை வீடுகளைப் பாருங்க. மாடியில ஹவுஸ் ஓனர், ரவுட்டரும் அங்கதான். கீழ நாலு ரூம். நெட் பில்லுல ஆளுக்கொரு பங்கு. "சார், கீழ சிக்னல் வரல"ன்னா பதில் ரெடி: "ஆறு ஆன்டெனா ரவுட்டர் வாங்கிடலாம்ப்பா, ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க." இந்த அநியாயத்துக்குத்தான் இந்தப் பதிவு.

மக்களே, ஆன்டெனா பவரை உற்பத்தி பண்ற மிஷின் இல்லை. ரேடியோ குடுக்குறதை எந்தப் பக்கம் அனுப்பணும்னு பங்கு பிரிக்குது, அவ்ளோதான். பவருக்குச் சட்டமே கடிவாளம் போட்டிருக்கு. 2005 ஜனவரியில 2.4 கிகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாம பயன்படுத்த மத்திய அரசு அனுமதிச்சப்பவே 1 வாட், ஆன்டெனா பலத்தையும் சேத்து 4 வாட்தான் உச்சம்னு சொல்லிட்டாங்க.

நேரா நிக்கிற குச்சி ஆன்டெனாவோட சிக்னல் எப்படிப் பரவும்? மெதுவடை ஓட்டையில குச்சியைச் சொருகி நிறுத்தின மாதிரி. சுத்திலும் வடை, நேர் மேல, நேர் கீழ ஓட்டை. ஆக, ரவுட்டருக்கு நேர் கீழ குடியிருக்கிறவனுக்கு ஓட்டைதான் பங்கு, அதுவும் கம்பி கட்டின கான்கிரீட் தளத்தைத் தாண்டி! 'அதிக டிபிஐ'ன்னு நீள ஆன்டெனா போட்டா? மாவு அதேதான், வடையைத் தட்டையா தட்டுறீங்க. பக்கத்து வீட்டுக்கு அமோகம், கீழ் வீட்டுக்கு இன்னும் மோசம்.

எண்ணிக்கையிலயும் பெருமை வேணாம். பெரும்பாலான போன் ஒரு நேரத்துல ரெண்டு ஸ்ட்ரீம்தான் வாங்கும். ஆறு கொம்புக்கு ஆறு மடங்கு வேகம் வராது. 2006லேர்ந்து 2014 வரை நம்ம ஸ்ரீபெரும்புதூர்லதான் நோக்கியா போன் செஞ்சாங்க. அதுல ஆன்டெனா வெளிய நீட்டிட்டா இருந்துச்சு? உள்ளயே இருந்து வேலை பாக்கல?

செலவில்லாத வைத்தியம் கேளுங்க. ஒரு ஆன்டெனாவை நிமித்தி வைங்க, இன்னொன்னைப் படுக்கப் போடுங்க. படுத்ததோட வடை செங்குத்தா நிக்கும், கீழயும் இறங்கும். ரவுட்டரை டிவிக்குப் பின்னாடி, இரும்பு பீரோ மேல, தண்ணி கேன் பக்கத்துல வைக்காதீங்க. வீட்டு நடுவுல, திறந்த இடத்துல வைங்க. கீழ இருக்கிறவங்க 2.4ல கனெக்ட் பண்ணுங்க. 5 கிகாஹெர்ட்ஸ் தளத்தைத் தாண்டுறதுக்குள்ள தளர்ந்துடும். அப்பவும் எட்டலையா? ஒரு கேபிள் இழுத்து கீழயே ஒரு அக்சஸ் பாயின்ட் மாட்டுங்க. காசு போடுறதா இருந்தா அதுக்குப் போடுங்க.

ஓனர்களே, பில்லுல பங்கு முழுசா வாங்குறீங்கல்ல? வடையையும் முழுசா குடுங்க.

டிஸ்கி: ஆன்டெனா வியாபாரிகள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஆனா முதல்ல ஒரு ஆன்டெனாவைப் படுக்க வெச்சுப் பாத்துட்டு வாங்க.